மாட்டு வாகட அளவைகளும் கால்நடை மருத்துவக் கணக்கும்

1. தோற்றுவாய்

மருந்து என்பது பொருளும் அளவும் கூடிய ஒன்று. பொருள் மாறாதிருக்க அளவு மட்டும் மாறினும் மருந்து நஞ்சாதல் கூடும். நேர்வாளமும் எட்டியும் நாபியும் பாதரசமும் நம் மருத்துவ நூல்களில் மருந்துச் சரக்குகளாகவே இடம்பெற்றுள்ளன. அவற்றை மருந்தாக நிறுத்தி வைப்பது அளவே. ஆகவே, ஒரு மருத்துவ நூலைப் பதிப்பிப்பார்க்கும் ஆராய்வார்க்கும் சரக்கின் பெயரை அறிதல் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது அளவுப் பெயரை அறிதலுமாகும்.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் மருத்துவம் கற்றவன் எண்ணிப் பார்க்கவேண்டுவன என மூன்று கூறப்படுகின்றன: நோயுற்றவனது அளவு, நோயினது அளவு, காலம். இவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டது நோயுற்றவனது அளவு என்பதை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். மக்களுக்குக் கூறப்பட்ட இந்நெறி மாக்களுக்குப் பின்னும் மிகுதியாகப் பொருந்தும். மக்களுள் முதிர்ந்தோர் எடை ஒருவர்க்கொருவர் ஓரளவே வேறுபட, கால்நடை மருத்துவனிடம் வரும் உயிர்களோ ஆட்டுக்குட்டி முதல் யானை வரை பரந்து கிடக்கின்றன. இங்கு மருந்தளவு எதனைப் பற்றி நிற்பது? சரக்கைப் பற்றியா, நோயுற்ற உயிரின் உடலைப் பற்றியா? பழைய மாட்டு வாகடங்கள் முதல் இன்றைய கால்நடை மருத்துவக் கல்வி வரை இவ்வினாவிற்கு விடை எவ்வாறு மாறி வந்தது என்பதையும், அம்மாற்றம் பழைய நூல்களை இன்று படிக்கும் நமக்கு உணர்த்துவது யாது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

2. நிறுத்தலும் முகத்தலும்

தமிழில் அளவைப் பெயர்களின் தொன்மைக்குத் தொல்காப்பியமே சான்று. முகத்தலளவைப் பெயர்களுக்கும் நிறுத்தலளவைப் பெயர்களுக்கும் முதலாகி வரும் எழுத்துகள் ஒன்பது என எழுத்ததிகாரம் வரையறுக்கின்றது. ஓர் இலக்கண நூல் எழுத்துப் புணர்ச்சியைக் கூறுமிடத்து அளவைப் பெயர்களைத் தனியே எடுத்துக்கொண்டு விதி கூறவேண்டுமாயின், அப்பெயர்கள் மக்கள் வழக்கில் எத்துணைப் பெருகியிருந்தன என்பது எளிதிற் புலப்படும்.

பிற்காலத்து வாய்பாடுகளில் வழங்கும் நிறுத்தலளவை பின்வருமாறு: 4 நெல்லெடை ஒரு குன்றிமணி, 2 குன்றிமணி ஒரு மஞ்சாடி, 2 மஞ்சாடி ஒரு பணவெடை, 5 பணவெடை ஒரு கழஞ்சு, 8 பணவெடை ஒரு வராகனெடை, 4 கழஞ்சு ஒரு கஃசு, 4 கஃசு ஒரு பலம். 10 வராகனெடை ஒரு பலம் என்பதும் வழக்கு. இவ்விரு வழியும் ஒன்றோடொன்று ஒத்துள்ளமையைக் கணக்கிட்டு அறியலாம். கழஞ்சின் வழியே சென்றால் ஒரு பலத்திற்கு 16 கழஞ்சு, அதாவது 80 பணவெடை. வராகனெடையின் வழியே சென்றாலும் 80 பணவெடையே.

முகத்தலளவையில் 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். கலத்திற்கு 96 நாழி என்பது இதனாற் போதரும். பின்னங்களோ இவற்றினும் நுண்ணியவை: மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. திண்ணைப் பள்ளி மாணாக்கர் எண்சுவடியில் இவற்றை மனப்பாடம் செய்தனர். எனவே, நுண்ணிய அளவுகளைக் கணக்கிடும் ஆற்றல் தமிழரிடத்து இல்லையெனக் கூறுதற்கு இடமில்லை. இக்கருத்தை நினைவிற் கொண்டே மேற்செல்லுதல் வேண்டும்.

3. கழஞ்சு என்னும் சொல்லின் பொருள் வேறுபாடு

ஒரே சொல் எல்லாக் காலத்தும் எல்லாத் துறையிலும் ஒரே அளவைக் குறித்ததாகக் கொள்வது பெரும்பிழையாக முடியும். கழஞ்சு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

மேற்காட்டிய வாய்பாட்டின்படி ஒரு கழஞ்சு 5 பணவெடை, அதாவது 10 மஞ்சாடி. சோழர் கல்வெட்டுகளிற் பொன் நிறுக்கும் கழஞ்சோ 20 மஞ்சாடியாகும். ஒன்று மற்றதன் இருமடங்கு. இன்றைய சித்த மருத்துவ நூல்கள் குன்றிமணிக்கு 130 மில்லிகிராம், வராகனெடைக்கு 4.2 கிராம், கழஞ்சுக்கு 5.1 கிராம், பலத்திற்கு 35 கிராம் என ஒப்பளவு தருகின்றன. 20 மஞ்சாடிக்குக் குன்றிமணி 40; அதன் எடை 5.2 கிராம். ஆகவே சித்த மருத்துவ ஒப்பளவு சோழர் காலக் கழஞ்சை ஒட்டியது என்பது தெளிவு. வாய்பாட்டுக் கழஞ்சைக் குன்றிமணியிலிருந்து மேலேறிக் கணக்கிட்டால் 2.6 கிராம் வரும். பலத்திலிருந்து கீழிறங்கிக் கணக்கிட்டால் ஏறத்தாழ 2.2 கிராம் வரும். வாய்பாட்டில் வராகனெடையினும் சிறிய கழஞ்சு, சித்த மருத்துவ ஒப்பளவில் வராகனெடையினும் பெரியதாகி நிற்பதையும் நோக்குக.

எனவே, கழஞ்சு என்ற ஒரு சொல்லுக்கு 2.2, 2.6, 5.1 என மூன்று மதிப்புகள் கிடைக்கின்றன. உணவுப் பொருளாயின் இவ்வேறுபாட்டால் பெருந்தீங்கு விளையாது. கடுங்கழிச்சலை உண்டாக்கும் நேர்வாளமாயின், இருமடங்கு என்பது உயிரையே கொள்ளும் வேறுபாடாகும். முகத்தலளவையிலும் நிலைமை இதுவே. நாழிக்கு ஏறத்தாழ 1.3 லிட்டர் என இன்று கொள்கின்றோம். ஆனால் படியும் மரக்காலும் வட்டாரந்தோறும் வேறுபட்டு வழங்கின. கல்வெட்டுகள் இன்ன மரக்காலால் அளந்த நெல் என்று மரக்காலின் பெயரையும் சேர்த்தே கூறுவதற்கு இவ்வேறுபாடே காரணம். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளில் ஆடவல்லான் என்னும் மரக்கால் குறிக்கப்படுவது அறிஞர் பலரும் அறிந்ததே. நெல்லளந்தோர் மேற்கொண்ட இவ்விழிப்பு மருந்தளப்பதிலும் வேண்டப்படுவதாம்.

4. வாகட நெறியில் அளவு

மாட்டு வாகடம் என்ற பெயரால் வழங்கும் நூல்களிலும், அவற்றை ஒட்டி உழவரிடையே வாய்மொழியாக வழங்கும் மருத்துவத்திலும் இருவகை அளவுகள் பயில்கின்றன. பலம், கழஞ்சு, உழக்கு முதலிய தராசு, முகவைக் கருவிகளால் அளக்கும் அளவுகள் ஒருவகை. கொட்டைப்பாக்களவு, எலுமிச்சங்காயளவு, சுண்டைக்காயளவு, ஒரு கைப்பிடி, மூவிரலால் அள்ளியது என உவமையாற் கூறப்படுபவை மற்றொரு வகை. அரைத்த மருந்தைக் கரைத்து மூங்கிற் குழாயால் மாட்டின் கடைவாயில் ஊற்றுதல் பெருவழக்கு. குழாயின் கொள்ளளவே பல இடங்களில் மருந்தளவாயிற்று.

இவ்வளவுகளை அறியாமையின் விளைவென ஒதுக்குதல் நேர்மையாகாது. ஓர் ஊரில் உழவு மாடுகள் பெரும்பாலும் ஓரினத்தவை; அவற்றின் பருமன் மருத்துவன் கண்ணுக்குப் பழகியது. முதிர்ந்த மாட்டிற்கு ஒரு குழாய், கன்றிற்கு அதிற் பாதி அல்லது கால் என்னும் நெறி அச்சூழலிற் பெரும்பாலும் பயன்பட்டிருக்கும். பச்சிலைகளின் வீரியமும் மண்ணுக்கும் பருவத்திற்கும் ஏற்ப மாறுவதாகலின் தராசின் நுண்மை மட்டும் துணையாகாது.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. வாகட நெறியில் அளவு சரக்கைப் பற்றியது. மாட்டின் உடலைப் பற்றியதன்று. இத்தனை எடையுள்ள மாட்டிற்கு இத்தனை சரக்கு என்னும் வாய்பாடு அதன் இயல்பன்று. நோயுற்ற உயிரின் அளவு மருத்துவனது கண்ணிலும் பயிற்சியிலும் இருந்தது; சுவடியில் இல்லை. மருத்துவன் மறைந்தபின் சுவடி மட்டும் நம் கைக்கு வந்தமையால், அளவின் ஒரு பாதியே நமக்குக் கிடைத்துள்ளது எனலாம்.

5. ஆங்கில அளவைகளின் வரவு

ஐரோப்பாவில் கால்நடை மருத்துவத்திற்கெனத் தனிப் பள்ளி முதன்முதல் பிரான்சு நாட்டு லியோன் நகரில் 1762-இல் தொடங்கிற்று. இலண்டன் பள்ளி 1791-இல் தோன்றியது. இந்தியாவில் லாகூர் 1882-இலும், பம்பாய் 1886-இலும், கல்கத்தா 1893-இலும், சென்னை 1903-இலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளைப் பெற்றன. சென்னைக் கல்லூரி 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பெற்றுப் பட்டக் கல்வி அளிக்கலாயிற்று. 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் உறுப்பாயிற்று.

இப்பள்ளிகளில் முதலிற் பயிலப்பட்டவை ஆங்கில மருந்துக்கடை அளவைகள். 20 கிரெயின் ஒரு ஸ்க்ரூப்பிள். 3 ஸ்க்ரூப்பிள் ஒரு டிராம். 8 டிராம் ஓர் அவுன்ஸ். நீர்ப்பொருளுக்கு 60 மினிம் ஒரு டிராம். 8 டிராம் ஓர் அவுன்ஸ். 20 அவுன்ஸ் ஒரு பைண்ட். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பின்லே டன் இயற்றிய கால்நடை மருந்து நூல் போன்றவற்றில் குதிரை, மாடு, ஆடு, பன்றி, நாய் என இனந்தோறும் மருந்தளவு தனித்தனியே கூறப்பட்டது. உயிரின் அளவு நூலினுள் முதன்முதல் இனப் பெயராக நுழைந்தது இங்ஙனமே. எனினும் 200 கிலோகிராம் மாடும் 500 கிலோகிராம் மாடும் அந்நூல்களில் மாடு என்னும் ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கின.

தமிழ் மாணவர் அந்நாளில் மூன்று அளவை முறைகளுக்கிடையே நின்றனர் எனல் மிகையன்று: வீட்டிலும் கடைத்தெருவிலும் பலமும் படியும், மருந்தறையில் கிரெயினும் அவுன்ஸும், ஆய்வுக்கூடத்தில் கிராமும் கன சென்டிமீட்டரும். ஒரு கிரெயின் 0.065 கிராமேயாகலின், ஒலியால் ஒத்த கிரெயினையும் கிராமையும் மயங்கக் கொண்டால் மருந்து பதினைந்து மடங்கிற்கு மேல் மிகும். 1956-இல் எடை அளவைச் சட்டம் இயற்றப்பெற்று, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தபோது இம்மயக்கம் நீங்க வழி பிறந்தது.

6. உடல் எடையும் திரைராசிகமும்

இருபதாம் நூற்றாண்டில் மருந்தளவு உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் இத்தனை மில்லிகிராம் எனக் கூறப்படலாயிற்று. இதனால் மாணவர் செய்ய வேண்டிய கணக்கு தெளிவான மூன்று படிகளாயிற்று: எடையை அறிதல், எடையைக் கிலோகிராமுக்குரிய அளவாற் பெருக்குதல், வந்த தொகையை மருந்தின் செறிவால் வகுத்தல். எடுத்துக்காட்டாக, ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணி மருந்து மாட்டிற்குக் கிலோகிராமுக்கு 0.2 மில்லிகிராம். 300 கிலோகிராம் மாட்டிற்கு 60 மில்லிகிராம். நூற்றுக்கு 1 செறிவுடைய கரைசலில் 100 மில்லிலிட்டருக்கு 1 கிராம், அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் உள்ளமையால், செலுத்த வேண்டியது 6 மில்லிலிட்டர். இது தெரிந்த மூன்று எண்களால் தெரியாத நான்காவதைக் காணும் திரைராசிகமே. நம் கணக்கு நூல்கள் நெல்லுக்கும் பொன்னுக்கும் கூலிக்கும் பயன்படுத்திய முறை இங்கு மருந்துக்குப் பயன்பட்டது.

மாட்டை நிறுக்கும் தராசு எல்லா ஊரிலும் கிடைப்பதன்று. ஆகலின் மார்புச் சுற்றளவையும் உடல் நீளத்தையும் அளந்து எடையை மதிப்பிடும் முறை தோன்றியது. அங்குலத்தில் அளந்தால் சுற்றளவைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தாற் பெருக்கி, 300-ஆல் வகுக்க எடை பவுண்டில் வரும். சென்டிமீட்டரில் அளந்தால் 10,840-ஆல் வகுக்கக் கிலோகிராமில் வரும். சுற்றளவு 160, நீளம் 140 சென்டிமீட்டர் உள்ள மாட்டின் எடை ஏறத்தாழ 331 கிலோகிராம்.

இம்முறையின் அடிப்படை நம் கணக்கர் அறியாததன்று. வட்டத்தின் சுற்றளவிற் பாதியை விட்டத்திற் பாதியாற் பெருக்கப் பரப்பு வரும் என்பது கணக்கதிகார மரபில் வழங்கிய விதி. அதன்படி மேற்கூறிய மாட்டின் உடலை ஓர் உருளையாகக் கொண்டால், குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 2,037 சதுர சென்டிமீட்டர். நீளத்தாற் பெருக்கக் கன அளவு 285 லிட்டருக்குச் சற்று மிகும். உடலின் அடர்த்தி நீரினதை ஒட்டியதாகலின் எடை ஏறத்தாழ 285 கிலோகிராம். தலை, கழுத்து, கால்களின் எடையும் சேர 331 ஆவது இயல்பே. விதி இருந்தது, அளவுகோலும் இருந்தது. மாட்டின் எடை யாது என்னும் வினாவே வாகட நெறியில் எழவில்லை. அறிவின் வரலாற்றில் கருவியினும் வினா அரிது என்பதற்கு இது நல்லதொரு சான்றாம்.

7. நீர்க் கணக்கு

கழிச்சலால் நீரிழந்த உடலுக்கு உப்புநீரைக் குருதிக் குழாய் வழியே செலுத்தும் முறையை 1832-இல் தாமஸ் லட்டா என்னும் மருத்துவர் வாந்திபேதி நோயாளரிடத்துக் கையாண்டார். 1880-களில் சிட்னி ரிங்கர் தம் ஆய்வுகளால் உப்புக் கரைசலின் கூறுகளைத் திருத்தினார். 1932-இல் அலெக்சிஸ் ஹார்ட்மன் அதனோடு லாக்டேட்டைச் சேர்த்தார். மக்களுக்கென எழுந்த இக்கரைசல்களே இன்று கன்றுக்கும் நாய்க்கும் குதிரைக்கும் பயன்படுகின்றன. கழியும் கன்றிற்கு உப்பிட்ட கஞ்சி ஊற்றும் உழவர் வழக்கமும் இந்நோக்கம் உடையதே; ஆயின் எவ்வளவு என்பதே வினா.

40 கிலோகிராம் எடையுள்ள கன்று ஒன்று கழிச்சலால் வாடுகின்றது, கண் குழிந்துள்ளது, கிள்ளி விட்ட தோல் உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இக்குறிகளால் நீரிழப்பு உடல் எடையில் நூற்றுக்கு 8 என மருத்துவன் மதிப்பிடுகின்றான். 40-இல் நூற்றுக்கு 8, 3.2 கிலோகிராம். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராமாகலின் இழந்த நீர் 3.2 லிட்டர். அன்றாடத் தேவைக்குக் கிலோகிராமுக்கு 50 மில்லிலிட்டர் என்று கொண்டால் மேலும் 2 லிட்டர். ஒரு நாளைக்கு 5.2 லிட்டர், இன்னும் கழிந்துகொண்டிருப்பின் அதற்குரியதையும் கூட்டுதல் வேண்டும். இதனை 24 மணி நேரத்திற்குப் பகிர்ந்தால் மணிக்கு ஏறத்தாழ 217 மில்லிலிட்டர். மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாயாயின் நிமிடத்திற்கு 72 சொட்டு.

இக்கணக்கு இத்துணை எளிதாதற்குக் காரணம் எடையும் கன அளவும் நீரால் இணைக்கப்பட்டமையே. 5.2 லிட்டர் என்பது 4 நாழி. ஆனால் கன்றின் எடையைப் பலத்தில் நிறுத்தி, நீரை நாழியில் முகந்தால், நூற்றுக்கு 8 என்பது எத்தனை நாழி என்பதைக் காணப் பலத்தையும் நாழியையும் இணைக்கும் இன்னொரு வாய்பாடு வேண்டும். அதுவும் வட்டாரப் படிக்கேற்ப மாறும். மெட்ரிக் முறை கால்நடை மருத்துவத்திற்குச் செய்த பேருதவி பதின்மக் கணக்கின் எளிமை மட்டுமன்று. உடலின் எடையிலிருந்து நீரின் அளவிற்கு நேரே செல்லும் வழியைத் தந்தமையே யாகும்.

8. திரைராசிகத்தின் எல்லை

உடல் எடையை அறிந்த அளவானே எல்லாம் முடிந்ததெனக் கருதுவதும் தவறாம். சைலசின் என்னும் மயக்க மருந்து குதிரைக்கு வேண்டும் அளவிற் பத்திலொரு பங்கே மாட்டிற்குப் போதும்; எடைக்கேற்ப ஒரே வீதத்தில் கொடுப்பின் மாடு வீழும். இதனினும் துயரமானதொரு நிகழ்ச்சி 1962-இல் அமெரிக்க நாட்டு ஓக்லஹோமா நகரில் நடந்தது. ஆய்வாளர் சிலர் டஸ்கோ என்னும் யானைக்கு எல்.எஸ்.டி. என்னும் மருந்தைச் சிற்றுயிர்களிடத்துக் கண்ட வீதத்தை ஒட்டி, எடைக்கேற்பப் பெருக்கி, 297 மில்லிகிராம் செலுத்தினர். யானை சிறிது நேரத்தில் வீழ்ந்து, இரண்டு மணி நேரத்திற்குள் மாண்டது.

உயிரினங்களின் உடற்செயல் வேகம் எடையோடு நேர்விகிதத்தில் உயர்வதில்லை. எடையின் முக்கால் அடுக்கிற்கேற்பவே உயர்கின்றது என்பதை மாக்ஸ் கிளைபர் 1932-இலேயே காட்டியிருந்தார். எடை பதினாறு மடங்கு பெருகின் உடற்செயல் எட்டு மடங்கே பெருகும். ஆகவே நோயுற்ற உயிரின் அளவு என்பது எடை மட்டுமன்று. இனமும் வயதும் உடற்செயலும் அதனுள் அடங்கும். வாகட மருத்துவனது கண் எடையை எண்ணாது விட்டது. எண்ணை மட்டும் நம்பியோர் கண்ணைப் பயன்கொள்ளாது விட்டனர். இரண்டும் குறையே.

9. பதிப்பாசிரியர் கடன்

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் தமிழ் ஆராய்ச்சியாளர்க்குரிய கடமைகள் சில பெறப்படுகின்றன. மாட்டு வாகடங்கள் ஏட்டிலிருந்து அச்சேறும்போது அவற்றைப் படிப்போர் புலவர் மட்டுமல்லர். மாடு வளர்ப்போரும் படிப்பர். படித்தவாறு செய்தும் பார்ப்பர். மரபுவழிக் கால்நடை மருத்துவத்தில் நாட்டம் பெருகியுள்ள இக்காலத்தில் இது நடைமுறை உண்மை. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் என இன்று அறிவுறுத்தப்படும் கலவை மேற்பூச்சாகலின் மாட்டின் எடையைப் பற்றியதன்று; சரக்குகள் கிராமில் வரையறுக்கப்பட்டமையால் ஐயத்திற்கும் இடமில்லை. உள்ளே கொடுக்கும் மருந்துகளுக்கும் இத்தெளிவு வேண்டும்.

ஆதலின், முதலாவது, மூலத்தின் அளவுப் பெயரை மாற்றாது அச்சிடுக. கழஞ்சை அடித்துவிட்டுக் கிராமை எழுதுதல் சான்றை அழித்தலாகும். இரண்டாவது, ஒப்பளவு தருமிடத்து எவ்வாய்பாட்டைக் கொண்டு தரப்பட்டது என்பதைக் குறிக்க. ஏட்டினுள்ளேயே கழஞ்சும் பலமும் வராகனெடையும் ஒருங்கு வருமிடங்களைத் தொகுத்து ஒப்பிட்டால், அந்நூல் கொண்ட கழஞ்சு எது என்பதைத் துணியலாம். இது முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பயனுள்ள பணி. மூன்றாவது, நச்சுச் சரக்குகள் வருமிடமெல்லாம் கால்நடை மருத்துவரைக் கலந்தன்றிக் கொடுத்தலாகாது என்ற எச்சரிக்கையை அடிக்குறிப்பாகச் சேர்க்க. நான்காவது, உடல் எடை, மருந்து வீதம், செறிவு, நீரிழப்பு, சொட்டு வீதம் முதலிய கலைச்சொற்களை ஒருமைப்படுத்துக; ஒரு நூலில் செறிவு எனவும் மற்றொன்றில் அடர்த்தி எனவும் வழங்கின், கணக்குப் பயிலும் மாணவன் மயங்குவது உறுதி.

சொல்லின் பொருளை ஒரு மாத்திரையளவும் பிறழாது காண்பது தமிழாய்வின் நெறி. கழஞ்சு என்னும் சொல்லில் அந்நெறி பிறழுமாயின், அதன் விளைவு உரையாசிரியர் மறுப்பில் முடிவதில்லை. ஓர் ஏழை உழவனின் தொழுவத்தில் முடியும். வாயற்ற உயிர்க்குத் தன் அளவைத் தானே சொல்ல இயலாது. அதனைச் சொல்லும் பொறுப்பு மருத்துவனுக்கும், அம்மருத்துவனின் நூலைப் பதிப்பிக்கும் புலவனுக்கும் ஒருங்கே உரியதாம்.